குஞ்சம் விலகாத முதுகு

சங்கரன்கோவிலில் கோணாமல் நிற்பவை மூன்று என்று டிரில் மாஸ்டர் வேதமணி சொல்வதுண்டு. ஒன்று கோயில் கோபுரம். இரண்டு, ரயில்வே ஸ்டேஷன் சிக்னல் கம்பம். மூன்றாவது எது என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டி, நெஞ்சை ஓர் அங்குலம் முன்னால் தள்ளி, கேட்டவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று நிற்பார்.

ஐம்பத்திரண்டு வயதில் அப்படி நிற்பது லேசான காரியம் இல்லைதான். மிஷன் நடுநிலைப்பள்ளியில் இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளைச் சுவரோடு சுவராக நிறுத்தி, குதிகால், பிட்டம், தோள், பிடரி நான்கும் சுவரில் படுகிறதா என்று பார்த்து வருகிறவர். படாத பிள்ளைக்கு மைதானத்தை மூன்று சுற்று. சபைக் கோயிலில் பிரசங்கம் ஒன்றரை மணி நேரம் ஓடினாலும் பெஞ்சின் சாய்மானத்தில் முதுகைப் படவிட மாட்டார். சாய்ந்து உட்காருகிறவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பிரசங்கத்தில் தூங்காமல் இருந்தவர்கள் அந்தப் பார்வைக்குப் பயந்துதான் தூங்காமல் இருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

"முதுகெலும்பு கர்த்தர் நமக்குள்ளே நட்டு வைத்த கொடிக்கம்பம்" என்பது அவருக்குப் பிடித்த வாக்கியம். இது வேதத்தில் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று சபைக் குருவானவர் தேவதாசன் ஐயர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். வேதமணி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

கொடிக்கம்பம் என்று அவர் சொன்னதில் ஒரு காரணம் உண்டு. தை மாதக் கடைசியில் சபையில் அசனப் பண்டிகை நடக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுகிற நாள். சாப்பாட்டுக்கு முன்னால் பவனி. பவனிக்கு முன்னால் கொடி. அந்தக் கொடியைப் பதினொரு வருஷமாகத் தூக்குகிறவர் வேதமணி.

அதைத் தூக்குவதற்கு ஒரு முறை இருந்தது. இடுப்பில் தோல்வார் கட்டி, வாரின் நடுவில் உள்ள கிண்ணத்தில் கம்பின் அடியைச் செருகி, கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கையால் தள்ளிப் பிடிக்கக் கூடாது. ஆள் எப்படியோ கம்பும் அப்படி. கம்பின் உச்சியில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்புப் பட்டுக் குஞ்சம் தொங்கும். ஆள் நிமிர்ந்து நடந்தால் குஞ்சம் கம்போடு ஒட்டித் தொங்கும். சாய்ந்தால் கம்பை விட்டு விலகும். விலகினால் கொடி வேறு கைக்குப் போய்விடும். பேராயர் ஊருக்கு வருகிற அன்று மட்டும் கொடியைத் தாழ்த்தி வணங்குவார்கள். மற்றபடி அது யாருக்கும் குனியாது. பதினொரு வருஷத்தில் வேதமணியின் குஞ்சம் விலகியதில்லை. பட்டு கம்பில் உரசி உரசிச் சாயம் ஏறி, கம்பின் உச்சியில் சிவப்பாய் ஒரு கோடே விழுந்துவிட்டது. வெளியூர் விருந்தாளிகளுக்கு அந்தக் கோட்டை ஏணி வைத்துக் காட்டியிருக்கிறார்.

இப்படி இருந்த முதுகுக்குத்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை மாதத்தில் பஹ்ரைனிலிருந்து ஒரு பை வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் மனைவி சுந்தரபாயின் தம்பி ஞானஒளிவு. கருநீலத்தில், இரண்டு தோளிலும் மாட்டி முதுகில் தொங்கவிடுகிற பை. பதினொரு ஜிப்பு. சங்கரன்கோவிலில் அதுவரை பை என்றால் மஞ்சள் பை, தோளில் போடுகிற ஜோல்னாப் பை, பிள்ளைகளுக்கு அலுமினியப் பெட்டி. முதுகில் மாட்டுகிற பை கிடையாது. அதனாலேயே வேதமணிக்கு அது பிடித்துப்போயிற்று.

மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். பை காற்றுப்போன பந்து மாதிரித் துவண்டு கிடந்தது. கம்பீரமே இல்லை. எனவே பெரிய எழுத்து வேதாகமம் உள்ளே போயிற்று. பாமாலைப் புத்தகம், கீர்த்தனைப் புத்தகம், வருகைப் பதிவேடு, டிபன் கேரியர், வாலிபால் பம்ப், மழைக்காலமோ இல்லையோ ஒரு குடை. அப்படியும் அடியில் ஒரு மூலை சுருங்கியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் குண்டு எறியும் போட்டிக்கு வைத்திருந்த இரும்புக் குண்டு அந்த மூலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. போன வருஷம் ஒரு குண்டு களவுபோய்விட்டது, இதையாவது கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு நியாயமும் கிடைத்தது.

வாரைச் சுருக்கி மாட்டலாமே என்றாள் சுந்தரபாய்.

"இவ்வளவு நீளம் வார் குடுத்திருக்கான் வெள்ளக்காரன். மடக்கி வைக்கவா குடுத்தான்? எவ்வளவு குடுத்தானோ அவ்வளவையும் விட்டு மாட்டணும்ட்டீ. அதுதான் மொறை."

"செஞ்சவன் ஜப்பான்காரன்னு உள்ள எழுதியிருக்கு."

"அவனும் வெள்ளதான்."

வார் முழு நீளத்துக்குத் தொங்கியது. பை முதுகை விட்டிறங்கிப் பிட்டத்தில் உட்கார்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் இரும்புக் குண்டு உள்ளேயிருந்து ஓர் இடி இடித்தது. வேதமணி அந்த இடியைத் தாளமாக எடுத்துக்கொண்டு, லெஃப்ட் ரைட் என்று மனத்துக்குள் சொல்லியபடி பள்ளிக்கூடம் போனார், வந்தார். கோயிலுக்குப் போனார். காய்கறி வாங்கவும் அதோடுதான் போனார். ஊர் முழுக்கத் தன்னையே பார்க்கிறது என்று அவர் நினைத்தது சரிதான். எதற்காகப் பார்க்கிறது என்பதில்தான் சின்ன வித்தியாசம்.

அது கார்த்திகை மாதம் பஸ் ஸ்டாண்டில் வெளிப்பட்டது. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் பருத்தி போடுகிற சம்சாரி குருநாதன், பஸ்ஸிலிருந்து பாதி இறங்கியும் இறங்காமலும் கூப்பிட்டார்.

"ஏ அண்ணாச்சி! நில்லும், நில்லும். நாளைக்கு நம்ம வயலுக்கு வாரீரா?"

"எதுக்கு?"

"பருத்தியில காய்ப்புழு கொட்டிக் கெடக்குவே. மூணு ஏக்கரு. காலையிலே ஆரம்பிச்சா வெயில் ஏறுததுக்குள்ள அடிச்சு முடிச்சிரலாம்."

வேதமணிக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சீமையில் மனிதன் முதுகில் வாரோடு மாட்டியிருக்கிற ஒரே சாமான் பூச்சிமருந்து அடிக்கிற டப்பா.

"இது மருந்து டப்பா இல்லவே. பஹ்ரைன் பை."

"பஹ்ரைனா? புதுக் கம்பெனியா இருக்கே. எத்தனை லிட்டரு பிடிக்கும்?"

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. வேதமணி நடையைக் கட்டினார். நிமிர்ந்துதான் நடந்தார், அவர் கணக்குப்படி. ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் கிறிஸ்துமஸுக்காகத் தைத்த புதுச்சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தவர், கோபத்தை எல்லாம் அதன் மேல் இறக்கினார்.

சட்டை தைத்தவள் சுந்தரபாய். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தையல்.

"என்னட்டீ தைச்சிருக்கே? முன்னால தொங்குது, பின்னால தூக்கிக்கிட்டு நிக்குது."

"நான் ரெண்டுக்கும் ஒரே அளவுதான் வெட்டினேன்."

"அப்பம் என் கண்ணு பொய் சொல்லுதா?"

அவள் சட்டையைக் கழற்றி வாங்கினாள். மேசையில் விரித்து, முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து மடித்துக் காட்டினாள். விளிம்போடு விளிம்பு பிசகாமல் உட்கார்ந்தது.

"சட்டை நேராத்தான் இருக்கு. உள்ள போற ஆளுதான்..."

வாக்கியம் முடிவதற்குள் வேதமணி கொல்லைப்புறம் போய்விட்டார்.

புதுவருஷம் பிறந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம், கோயில் வளாகத்தில் பவனி ஒத்திகை. தேவதாசன் ஐயர், கமிட்டிக்காரர்கள், பாடகர் குழு எல்லாரும் கூடிவிட்டார்கள். நெசவாளர் சங்கத்துக் கிளார்க் மாணிக்கராஜும் வந்து நின்றார். பதினொரு வருஷமாக ஒவ்வோர் ஒத்திகைக்கும் அவர் வருவார். வேதமணிக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் கொடியைத் தூக்க ஓர் ஆள் வேண்டாமா என்ற நல்லெண்ணம்தான்.

வேதமணி பையைக் கழற்றிப் படிக்கட்டில் வைத்தார். உள்ளே குண்டு உருண்டு 'ணங்' என்றது. தோல்வாரைக் கட்டினார். கம்பைச் செருகினார். நெஞ்சோடு அணைத்தார். லெஃப்ட், ரைட். பத்து எட்டு நடந்ததும் பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது.

குஞ்சம் கம்பை விட்டு ஒரு சாண் முன்னால் தனியாகத் தொங்கியது.

"காத்து" என்றார் வேதமணி.

ஐயர் வளாகத்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஒரு இலை அசையலையே, வேதமணி."

"தரை சரிவு, ஐயா. முன்பக்கம் எறக்கமா இருக்கு."

"சரி, திரும்பி நடந்து வாரும்."

திரும்பி நடந்தார். இப்போது ஏற்றம். குஞ்சம் அதே ஒரு சாண் முன்னால்தான் தொங்கியது.

"அப்பம் கம்புதான் வளைஞ்சிருக்கணும். மரம்தானே, மழையில வளைஞ்சிருக்கும்."

காம்பவுண்டுச் சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் ஆறுமுகச்சாமியைக் கூப்பிட்டார்கள். கம்பைச் சுவரோடு நிறுத்தி அவர் தூக்குக்குண்டை இறக்கினார். நூல் கம்போடு கம்பாக ஒட்டி நின்றது.

"கம்புல ஒரு கோளாறும் இல்ல, சார்வாள்" என்றார் ஆறுமுகச்சாமி. அத்தோடு விட்டிருக்கலாம். அவர் தொழிலில் சுத்தக்காரர். "வேணும்னா ஒங்க மேலயும் ஒருக்கா எறக்கிப் பாத்துருவமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட வேதமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாணிக்கராஜ் முன்னால் வந்து வாரைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அதைக் கட்டக் கடைசி ஓட்டை வரை இழுக்க வேண்டியிருந்தது. அவர் வயிற்றின் மேல் கம்பு சாய்ந்து பின்னால் போயிற்று. குஞ்சம் விலகி அவர் தலைக்கு நேர்மேலே ஆடி, அதன் தூசி மூக்கில் உதிர்ந்தது. இரண்டு தும்மல் தும்மினார். ஆனாலும் கம்பை விடவில்லை.

"ஒரு மாசம் இருக்கு, ஐயா. வயித்தைக் குறைச்சிருவேன். வயிறு குறையும். வளைஞ்ச முதுகு நிமிருமா? நான் யாரையும் வச்சுச் சொல்லல."

ஐயர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். கொடி வேதமணிக்குத்தான். ஆனால் பவனியில் மாணிக்கராஜ் பக்கத்திலேயே நடப்பார். குஞ்சம் விலகினால் நடுத்தெரு என்றாலும் வாரைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டிவிட வேண்டும்.

அன்று வீட்டுக்குத் திரும்பிய வேதமணி, கதவைச் சாத்திக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகத் தானே சுவரோரம் நின்றார். குதிகால் பட்டது. பிட்டம் பட்டது. தோளைக் கஷ்டப்பட்டுப் படவைத்தார். பிடரி படவில்லை. தலையைப் பின்னால் தள்ளினார். முகவாய்தான் மேலே தூக்கியது, பிடரி வரவில்லை.

கதவு திறந்தது. சுந்தரபாய் உள்ளே வந்தாள். கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து, பிடரிக்கும் சுவருக்கும் நடுவில் நீட்டினாள்.

"மூணேகால்."

"சுவரு குழிஞ்சிருக்கும்."

"கொத்தனாரைக் கூப்பிடவா?"

வேதமணி சுவரிலிருந்து தோளை எடுத்தார்.

"எல்லாம் அந்தப் பையிதான். எட்டு மாசமா அது ஒங்களைப் பின்னால இழுக்குது, நீங்க விழாம இருக்க முன்னால வளையுதிய. வளைஞ்சது அப்படியே நின்னுட்டு. எந்தம்பியைச் சொல்லணும், புத்தியில்லாம வாங்கிட்டு வந்துட்டான்."

"அவனை ஒண்ணும் சொல்லாத. தங்கமான பையன்" என்றார் வேதமணி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மைத்துனனை அவர் விட்டுக்கொடுக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. பையை விட்டால் பஸ் ஸ்டாண்டில் சிரித்தவர்கள் ஜெயித்ததாக ஆகிவிடும். மாட்டினால் மாணிக்கராஜ் ஜெயித்துவிடுவார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ராஜபாளையம் ரோட்டு டீக்கடையில், பையோடுதான், நின்றுகொண்டிருந்தார். அப்போது எதிரே வந்த ஆளைப் பார்த்ததும் கையிலிருந்த கிளாஸ் பாதியில் நின்றது.

ஆள் மூக்காண்டி. கரிவலத்துப் பக்கம் பருத்திக்காட்டுக்கெல்லாம் மருந்தடிக்கிறவர். முதுகில் டப்பா. நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து எத்தனை ஏக்கர் நடந்தாரோ, முழங்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது. ஆனால் இடுப்புக்கு மேலே ரயில்வே சிக்னல் கம்பம்! தலை தோளுக்கு நேர்மேலே நின்றது. தோள் இடுப்புக்கு நேர்மேலே. வேதமணியின் டிரில் கண் பொய் சொல்லாது. அந்த ஆளைச் சுவரோடு நிறுத்தினால் நான்கும் படும். சுவரே தேவையில்லை.

மூக்காண்டி டப்பாவை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். டீ வாங்கிக்கொண்டு, வேதமணியின் பையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"சார்வாள், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

"என்னது?"

"மாட்டியிருக்க மொறை சரியில்ல."

வேதமணிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "யாருகிட்ட என்ன பேசுதீருன்னு தெரியுமா மூக்காண்டி? எனக்கே முதுகு சொல்லிக்குடுக்கீரா? இருபத்தாறு வருசம்! எத்தனை முதுகை நிமித்தியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார்வாள். எம்மவளும் ஒங்ககிட்டதான் படிச்சா. மூணு சுத்து ஓடியிருக்கா."

வேதமணி கிளாஸை வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். குண்டு இடித்தது. பத்து எட்டு நடந்தார். ஒத்திகையில் பாட்டு நின்றதும் பத்தாவது எட்டில்தான் என்பது நினைவுக்கு வந்தது. சற்று நின்றார். பிறகு ஏதோ மறந்துவிட்டவர் போலச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்ன மொறை சரியில்லங்கீரு?"

மூக்காண்டி சிரிக்கவில்லை. அதற்காகவே வேதமணி அவரைப் பின்னாளில் மதித்தார். எழுந்து வந்து, தோள்வாரைப் பிடித்துப் பார்த்தார்.

"பாரம் முதுகோட ஒட்டணும் சார்வாள். இது பிட்டத்துல ஆடுது. பின்னால பாரம் இழுத்தா ஆளு என்ன செய்வான்? முன்னால வளைவான். வளைஞ்சா பாதை தெரியாது. பாதை பாக்கக் கழுத்தைக் கோழி மாதிரி நீட்டுவான். அப்படியே ஒரு மாசம் போச்சுன்னா டப்பாவ எறக்குனாலும் கோழி எறங்காது."

"சரி."

"வாரைச் சுருக்கிப் புடிக்கணும். தோளுக்குக் கீழ நாலு வெரல்ல டப்பாவோட தல நிக்கணும். ரெண்டு வாரும் ஒரே அளவு. ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்குனா முதுகு பக்கவாட்டுல கோணும். கனமான சாமான் எதுவோ அது முதுகை ஒட்டி உள்பக்கம். லேசானது வெளிப்பக்கம். உள்ள என்ன வச்சிருக்கிய?"

வேதமணி ஜிப்பைத் திறந்தார். மூக்காண்டி கையை விட்டு அடியில் துழாவினார். இரும்புக் குண்டு வெளியே வந்தது. டீக்கடை முழுக்க எட்டிப் பார்த்தது.

"இது என்னத்துக்கு சார்வாள்?"

"அது... கம்பீரத்துக்கு."

"ஓ" என்றார் மூக்காண்டி மிக மரியாதையாக. குண்டை பெஞ்சின் மேல் வைத்தார். "டப்பா பதினாறு லிட்டரு பிடிக்கும். நான் பத்துக்கு மேல ரொப்ப மாட்டேன். நெறையா ரொப்புனா வேல சீக்கிரம் முடியும்னு நெனைப்பானுவ. முதுகுதான் சீக்கிரம் முடியும். எங்கூட மருந்தடிக்க வந்தவன்ல மூணு பேரு இப்பம் நாலு காலுல நடக்கான். நான் இருவது வருசமா இப்படித்தான் நிக்கேன்."

சொல்லிவிட்டு நின்றார். அதில் பெருமை இருந்தது. வேதமணி பெருமையை நன்றாக அறிந்தவர். ஆனால் இது வேறு சரக்கு என்று அவருக்கே பட்டது. ஏணி வைத்துக் காட்ட வேண்டாத பெருமை.

வாரைச் சுருக்கினார்கள். வேதாகமம் முதுகை ஒட்டி உள்ளே போயிற்று. பாமாலை அதன் பக்கத்தில் நின்றது. குடையும் பம்ப்பும் கழிந்தன. பை முதல் முறையாக முதுகில் உட்கார்ந்தது. குண்டோடு அவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு வேதமணி வீட்டுக்குப் போனார்.

வளைந்தது ஒரே நாளில் நிமிரவில்லை. தினமும் காலையும் மாலையும் சுவர். சுந்தரபாய் டேப்போடு நின்றாள். பொங்கலுக்கு இரண்டரை. அடுத்த வாரம் ஒன்றே முக்கால். டீக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்காண்டி தூரத்திலிருந்தே "கோழி, சார்வாள், கோழி!" என்பார். வேதமணி கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார். டேப் முக்காலுக்கு வந்த வாரம் பழைய வேதமணி திரும்பிவிட்டார். உடம்போடு சேர்ந்து மற்றதும் திரும்பிவிட்டது.

பள்ளிக் காலைக் கூட்டத்தில் 'பாரமும் முதுகும்' என்று அரைமணி நேரம் பேசினார். "பாரமானது முதுகோடு இயைந்திருத்தல் வேண்டும். கனமான பொருள் அகத்தேயும் இலேசானது புறத்தேயும் வைக்கப்படல் வேண்டும். மிகையாகச் சுமப்பவன் வேலையை அன்று, முதுகையே விரைந்து முடிக்கிறான். இதுவே வேதமணி முறை!" தலைமையாசிரியர் கைதட்டினார். வேதமணி முறையைக் கரும்பலகையில் எழுதி வைக்கச் சொன்னார்.

செய்தி வீட்டுக்கு அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"வேதமணி மொறையாமே" என்றாள் சுந்தரபாய், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "மூக்காண்டி பேரு அதுல எங்க வருது?"

"கூட்டத்துல எல்லாம் எப்படிட்டீ அந்தப் பேரைச் சொல்ல முடியும்?"

"ஏன், வாயில வராதா? எங்கிட்ட யாரும் ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு, நாந்தான் தைச்சேம்னு சொன்னா நான் சும்மா இருப்பனா?"

"அவரு ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காதவருகிட்டதான் எடுப்பியளா?"

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அது சும்மா ஓடவில்லை, ஏசிக்கொண்டு ஓடியது. மறுநாள் அவள் டீக்கடைக்கே போய், வெள்ளிக்கிழமை அசனத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று மூக்காண்டியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அசனத்தன்று பிற்பகல். கோயில் பின்புறம் அண்டாக்களில் குழம்பு கொதித்து, வாசனை பஜார்வரை போய் ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தது. ஐயர் வெள்ளை அங்கியில். பாடகர் குழு தயார். மாணிக்கராஜ் ஒரு மாதம் பட்டினி கிடந்து வயிற்றில் அரைச்சுற்றுக் குறைத்திருந்தார். வேதமணியின் இடுப்பு வாரில் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டார்.

கம்பு நெஞ்சில் அணைந்தது. ஒரு எட்டு. ஐந்து. பத்தாவது எட்டில் யாரும் மூச்சு விடவில்லை. குஞ்சம் கம்போடு கம்பாய் அந்தப் பழைய சிவப்புக் கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டு உரக்க எழுந்தது. பஜார் தெருவில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். குருநாதன்கூட ஒரு கடை வாசலில் நின்று, "அட, டப்பா அண்ணாச்சியா இது!" என்று வாயைப் பிளந்தார். வேதமணிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. கோபுரம், சிக்னல் கம்பம், மூன்றாவது நான்.

பவனி ராஜபாளையம் ரோட்டு முனையில் திரும்ப வேண்டும். அங்கே டீக்கடை. டீக்கடை வாசலில், காட்டிலிருந்து நேரே வந்தவர், வீட்டுக்குப் போய் டப்பாவை வைத்துவிட்டு வர நேரமில்லாமல் முதுகில் அதோடேயே நின்றுகொண்டிருந்தார் மூக்காண்டி. பக்கத்தில் அவர் மனைவி பேச்சித்தாய். பவனிக்கு மரியாதையாக மூக்காண்டி தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். குனியவில்லை. அவர் பார்வை வேதமணியின் முகத்திலும் இல்லை, கொடியிலும் இல்லை. கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் மேய்ந்தது. எல்லாம் பார்த்து முடித்து, திருப்தியாகத் தலையை ஒருமுறை ஆட்டினார். தான் மருந்தடித்த வயலைப் பார்க்கிற மாதிரி.

அந்த ஆட்டலைப் பார்த்ததும் வேதமணிக்குக் கரும்பலகையில் எழுதிய 'வேதமணி முறை' நினைவுக்கு வந்தது. 'கேக்காதவருகிட்டதான் எடுப்பியளா' என்று பின்னால் பெண்கள் வரிசையிலிருந்து தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. கால் நின்றுவிட்டது. பவனியும் நின்றது. தான் என்ன செய்கிறோம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் முன்னே, கொடி மெல்ல முன்னால் தாழ்ந்தது. பேராயருக்குத் தாழ்கிற மாதிரி. மருந்து டப்பாவுக்கு முன்னால்.

குஞ்சம் கம்பை விட்டு ஒரு முழம் விலகித் தொங்கியது.

பாட்டு ஒரு வரியில் தடுக்கி விழுந்தது. பதறியவர் மூக்காண்டிதான்.

"ஐயோ சார்வாள், என்ன செய்திய! நிமிருங்க! கோழி! கோழி!"

வேதமணி நிமிர்ந்தார். குஞ்சம் திரும்பி வந்து கம்பில் ஒட்டிக்கொண்டது.

"விலகிட்டு!" மாணிக்கராஜின் கை அதற்குள் வாரின் கொக்கியில் இருந்தது. "ஐயா, குஞ்சம் விலகிட்டு! ஒரு முழம்! எல்லாரும் பாத்தீயல்லா?"

எல்லாரும் பார்த்திருந்தார்கள். வேதமணி வாதாடவில்லை. கம்பிலிருந்து ஒரு கையை எடுத்து, கொக்கியைக் கழற்ற வசதியாக ஒதுங்கிக்கொடுத்தார். அப்போதும் நிமிர்ந்தே நின்றார்.

தேவதாசன் ஐயர் வேதமணியைப் பார்த்தார். டப்பாவோடு நிற்கிற மூக்காண்டியைப் பார்த்தார். பிறகு டீக்கடை வேப்பமரத்தை அண்ணாந்து நிதானமாகப் பார்த்தார்.

"காத்து, மாணிக்கராஜ்" என்றார்.

"காத்தா? ஒரு இலை அசையலையே, ஐயா!"

"மேல அடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஐயர் அடுத்த சரணத்தைத் தானே எடுத்துப் பாடினார். அவருக்குச் சாரீரம் கிடையாது. ஆகையால் உரக்கப் பாடினார். மாணிக்கராஜின் கை கொக்கியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது.

பவனி திரும்பிக் கோயிலை நோக்கி நடந்தது. வரிசையின் வாலில் டப்பாவோடு மூக்காண்டியும் பேச்சித்தாயும் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை வேதமணிக்குக் கோபுரமும் ஞாபகம் வரவில்லை, சிக்னலும் வரவில்லை. குஞ்சத்தை அண்ணாந்து பார்க்கவும் இல்லை. பாட்டு ஓய்ந்த ஓர் இடைவெளியில் பின்னாலிருந்து சுந்தரபாயின் குரல் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் வந்தவளிடம் அவர் சட்டையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்க, முன்னும் பின்னும் ஒரே அளவு. அன்னைக்குத் தைச்ச அதே சட்டைதான். நான் ஒரு நூல் மாத்தல."